எடுப்புக் காலத்தில் ஐரோப்பா: போடி மலையடிவாரத்திலிருந்து முதல் பயணம்

போடிநாயக்கனூர், சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் ஐரோப்பியப் பயணம் இன்று கைக்கெட்டாத கனவாக இல்லை. பிள்ளைகள் ஜெர்மனியிலோ அயர்லாந்திலோ படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். ஏலக்காய் நல்ல விலைக்குப் போன ஆண்டுகளில் தோட்டக்காரர் வீடுகளில் வெளிநாட்டுப் பேச்சு எழுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் வாழ்நாளில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். ஆசை வந்ததும் முதலில் கையில் கிடைப்பது, பத்து நாளில் ஏழெட்டு நாடு காட்டுவதாகச் சொல்லும் சுற்றுலா நிறுவன விளம்பரம். அங்கேதான் பலருடைய திட்டம் தடம் மாறுகிறது.

முதல் முறையாகப் பல நாடுகளை இலையுதிர்காலத்தில் பார்க்க விரும்புகிறவர் எப்போது போவது, எத்தனை நாடு பார்ப்பது, எந்த வழியில் செல்வது, ஆவணங்களை எப்படித் திரட்டுவது, பணத்தை எதில் செலவிடுவது என்ற ஐந்து கேள்விகளையும் நம் மலையடிவாரத்தில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாடுகளுக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றும் ஒரே ரயில் வழியில் இருக்கட்டும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் பயணம் முடியட்டும். ஆவண வேலை அதற்கு முந்தைய பங்குனியிலேயே தொடங்கட்டும்.

முன்னோடிகள் போன விதம்

பல நாட்டு ஐரோப்பியப் பயணம் தமிழருக்குப் புதியதன்று. 1931 டிசம்பரில் பெரியார் சென்னையில் கப்பலேறினார். எஸ். இராமநாதனும் ஈரோட்டு இராமுவும் உடன் சென்றனர். எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ் என்று சுற்றி 1932 நவம்பரில் ஊர் திரும்பினார். ஏறக்குறைய பதினொரு மாதம். சோவியத் நாட்டில் மட்டும் மாதக்கணக்கில் தங்கினார். பார்த்தவற்றைத் தேதியிட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் படச்சுருள் தேடி நாடு நாடாக அலைந்து, 1940-இல் அதை வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய நூலின் பெயரே பின்னாளில் அவருக்குப் பட்டமாயிற்று. சோமலெயும் 'இதயம் பேசுகிறது' மணியனும் அடுத்த தலைமுறைக்கு ஐரோப்பாவைத் தமிழில் கொண்டுவந்தார்கள்.

இவர்களில் முதல் இருவரிடமும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தேடிப் போன பொருள். ஒருவர் சமுதாய அமைப்பைப் பார்க்கப் போனார், மற்றவர் ஒரு மனிதரின் சுவடுகளைச் சேகரிக்கப் போனார். எதைப் பார்க்கப் போகிறோம் என்ற தெளிவு இருந்ததால் எங்கே எத்தனை நாள் தங்குவது என்பதும் தெளிவாயிற்று. பதினொரு மாதம் நமக்குக் கிடைக்காது, பதினைந்து நாள் கிடைக்கும். அந்தத் தெளிவு அவர்களைவிட நமக்கே அதிகம் தேவை.

அங்குள்ள காலம், இங்குள்ள வேலை

செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும். அன்று ஐரோப்பாவில் இலையுதிர்காலம் கணக்குப்படி தொடங்குகிறது. டிசம்பர் 21 வரை அது ஒரே பருவமாக எண்ணப்பட்டாலும், பயணிக்கு அது மூன்று வேறுபட்ட பருவங்கள். செப்டம்பரில் கோடையின் மிச்சச் சூடு இருக்கும், பள்ளி திறந்துவிட்டதால் உள்நாட்டுக் கூட்டம் குறையும். அக்டோபரில் மரங்கள் மஞ்சளும் செம்மையுமாக மாறும், திராட்சை அறுவடை முடிவுக்கு வரும். நவம்பரில் மழையும் மூடிய வானமும் சீக்கிரம் கவியும் இருட்டும்தான்.

பகல் நேரக் கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போடியில் மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. ஸ்டாக்ஹோமில் அக்டோபர் தொடக்கத்தில் பதினொன்றரை மணி நேரம் இருக்கும் பகல், அந்த மாதக் கடைசியில் ஒன்பது மணிக்கும் கீழே இறங்கி, நவம்பர் முடிவில் ஆறரை மணி ஆகிவிடும். ரோமில் அக்டோபர் கடைசியிலும் பத்தரை மணி நேரம் கிடைக்கும். வடக்கே போவதானால் முன்னதாகப் போங்கள், தெற்கே போவதானால் சற்றுத் தாமதிக்கலாம் என்பதே இதன் பொருள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதுவரை மத்திய ஐரோப்பாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர இடைவெளி, அதன் பிறகு நாலரை. அன்று ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இனி நம் பக்கம். ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் முதல் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கும். மாதம் அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்றாகத் தை வரை போகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை காய் மிகுதியாக வரும் காலம். விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போவதும், ஸ்டோரில் இரவெல்லாம் காய் உலர்வதும், போடியிலும் புற்றடியிலும் ஏலம் நடப்பதும் இந்த மாதங்களில்தான் சூடுபிடிக்கும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன விலை பிறகு எவ்வளவு இறங்கியது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சந்தையில் எடுப்புக் காலத்தில் பதினைந்து நாள் ஊரில் இல்லாமல் இருப்பது சாதாரண முடிவன்று.

ஆகவே, தோட்டக்காரர் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். வாரக் கூலி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகாதபடி பொறுப்பான ஒருவரிடம் பணத்தையும் கணக்கையும் ஒப்படைத்துவிட்டே கிளம்ப வேண்டும். ஜீப்பில் மலையேறுகிற பெண்களின் அடுப்பு அந்தக் கூலியை நம்பி எரிகிறது. நம் உல்லாசப் பயணத்தின் சுமை அவர்கள் தலையில் இறங்கக் கூடாது. மாந்தோப்புக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. மா அறுவடை கோடையோடு முடிந்துவிடுவதால் புரட்டாசி அவர்களுக்கு ஓய்வான மாதம். பணியில் உள்ள ஆசிரியர்களுக்குக் காலாண்டு விடுமுறை கைகொடுக்கும்.

இன்னொன்று: அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். மெட்டுச் சாலையில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது அவ்வப்போது நடக்கிறது. கொச்சியில் விமானம் ஏறுபவர் ஒரு நாள் முன்னதாகவே மலையைக் கடந்துவிட வேண்டும். சென்னையில் ஏறுபவருக்குப் போடியிலிருந்தே ரயில் இருக்கிறது. 1928-இல் வந்த மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலப்பாதையாக 2023 ஜூனில் திரும்பக் கிடைத்தது. வாரம் மூன்று நாள் சென்னை சென்ட்ரலுக்கு இரவு ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கும் லண்டனுக்கும் நேரடி விமானம் உண்டு. மதுரையிலிருந்து வளைகுடா வழியாக மாறிச் செல்லவும் முடியும்.

எத்தனை நாடு?

ஐரோப்பாவில் நாடுகள் சிறியவை, எல்லைகள் திறந்தவை. அதனால் நாள் ஒன்றுக்கு ஒரு நாடு என்ற கணக்கு எளிதாகத் தோன்றும். நடைமுறை வேறு. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் காலையில் பெட்டி கட்டி, விடுதியைக் காலி செய்து, ரயில் நிலையம் போய், பயணம் செய்து, அடுத்த விடுதியைத் தேடிப்பிடித்துச் சேரும்போது அரை நாள் போயிருக்கும். பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு முன் அறை தரமாட்டார்கள். பதினைந்து நாளில் விமானத்துக்கு இரண்டு நாளைக் கழித்தால் மிச்சம் பதின்மூன்று. ஏழு முறை ஊர் மாறினால் ஏறக்குறைய நான்கு நாள் சாலையிலேயே கரையும். மூன்று முறை மாறினால் ஒன்றரை நாளோடு முடியும். இலையுதிர்காலப் பகல் சுருக்கம் என்பதால் இந்த இழப்பு இன்னும் கூடும்.

உடல் நிலையும் கணக்கில் வரும். ஐரோப்பிய நகரங்கள் நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்தவை. கல் பாவிய தெருக்களில் நாளெல்லாம் நடக்க வேண்டியிருக்கும், பழைய கட்டடங்களில் லிப்ட் இல்லாமலும் இருக்கலாம். மூட்டுவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ஒரே விடுதியில் நான்கு இரவு தங்கி, அங்கிருந்து பகலில் பக்கத்து ஊர்களைப் பார்த்துத் திரும்புவதே நல்லது.

மூன்று வழிகள்

தெற்கு வழி: ரோம், பிளாரன்ஸ், மிலான், சூரிச், பாரிஸ். இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளும் ரயிலாலேயே இணைகின்றன. ரோமிலிருந்து மிலானுக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். மிலானிலிருந்து சூரிச் போகும் ரயில் 2016-இல் திறந்த கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்துள் புகுந்து வரும். 57 கிலோமீட்டர் நீளமுள்ள அது உலகின் மிக நீண்ட ரயில் சுரங்கம். சூரிச்–பாரிஸ் நான்கு மணி நேரம். அக்டோபர் முதல் பாதி இந்த வழிக்கு ஏற்ற காலம். நவம்பரில் ரோமில் மழை மிகும், ஆல்ப்ஸ் மலைகளில் பல கம்பிவட ஊர்திகளைப் பராமரிப்புக்காக நிறுத்திவைப்பார்கள். வெனிஸைச் சேர்க்க விரும்புகிறவர்கள் கடல்நீர் ஊருக்குள் ஏறும் காலம் இலையுதிர்காலத்தில்தான் தொடங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். 2019 நவம்பர் 12 அன்று நீர்மட்டம் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது. 2020 அக்டோபரில் தடுப்புக் கதவுகள் செயல்படத் தொடங்கிய பிறகு நிலைமை வெகுவாகத் திருந்தியிருக்கிறது.

நடு வழி: பிராக், வியன்னா, புடாபெஸ்ட். செலவு குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் மூன்று மணிக்கும் குறைவு. மூன்றும் ஒரு காலத்தில் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ் இருந்தவை என்பதால் ஒரே வரலாற்றை மூன்று மொழிகளில் பார்ப்பதாக அமையும். காப்பி விளையும் மலையிலிருந்து போகும் நமக்கு, வியன்னாவின் நூற்றாண்டுப் பழமையுள்ள காப்பி இல்லங்களில் ஒரு கோப்பையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வழக்கம் பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு எச்சரிக்கை: அக்டோபர் 23 ஹங்கேரிக்கும், 26 ஆஸ்திரியாவுக்கும், 28 செக் நாட்டுக்கும் தேசிய விடுமுறை. அந்த வாரத்தில் போனால் மூன்று இடத்திலும் அடைத்த கடைகளையே பார்க்க நேரலாம்.

வடக்கு வழி: ஹாம்பர்க், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம். சுற்றுலா விளம்பரங்களில் அதிகம் வராத இந்த வழிதான் ஏலமலைக்காரர்களுக்கு மிகவும் உரியது என்று நான் நம்புகிறேன். ஹாம்பர்க்கில் 1880-களில் எழுந்த செங்கல் கிடங்கு நகரம் இன்றும் நிற்கிறது. காப்பி, தேயிலை, நறுமணப் பொருள்கள் எல்லாம் கப்பலில் வந்து இறங்கிக் கிடந்த இடம். 2015-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே மசாலாப் பொருள்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனுக்குள் போகும் ரயில், 2000-இல் திறந்த ஓரசுண்ட் பாலத்தின் வழியே கடலைக் கடக்கிறது.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டு ரொட்டி மாவிலேயே ஏலக்காய்ப் பொடி சேர்ப்பார்கள். அக்டோபர் 4 ஸ்வீடனில் பட்டை ரொட்டி நாள். 1999 முதல் கொண்டாடுகிறார்கள். அந்த ரொட்டியின் மாவிலும் ஏலக்காய் உண்டு, ஏலக்காய்க்கென்றே தனி ரொட்டியும் பல பேக்கரிகளில் கிடைக்கும். ஆனால் அந்த அடுப்புகளுக்குப் போகும் காயில் பெரும்பகுதி குவாதமாலாவிலிருந்து வருகிறது. ஏலக்காயைப் பரம்பரையாக அறிந்த மண் நம்முடையது. இருபதாம் நூற்றாண்டில்தான் அதைப் பயிரிடத் தொடங்கிய அந்த நாடு ஏற்றுமதியில் நம்மை முந்தியது. பூச்சிமருந்து எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள கடுமையான வரம்பு அங்கே நம் காய்க்கு உள்ள தடைகளில் ஒன்று. ஸ்டாக்ஹோம் கடையொன்றில் ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்து, எந்த நாட்டுக் காய், என்ன விலை, தோலோடா, அரிசியாகவா, பொடியாகவா என்று ஒரு தோட்டக்காரர் தானே பார்த்து வந்தால், அடுத்த முறை மருந்து அடிக்கும்போது அவர் வேறு விதமாக யோசிப்பார். இந்த வழிக்குச் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும் ஏற்றவை. அதன் பிறகு குளிரும் இருட்டும் விரைந்து வரும்.

விசாவும் ஆவணங்களும்

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. ஒரே விசாவில் எல்லா நாடுகளுக்கும் போகலாம். 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், இரவுகள் சமமானால் முதலில் இறங்கும் நாட்டிடம். தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டிடம் விண்ணப்பிப்பது மறுப்புக்கு வழிவகுக்கும். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேரா. நடுவில் லண்டன் போய்த் திரும்ப ஐரோப்பாவுக்குள் வருவதானால் பிரிட்டன் விசா தனியாக வேண்டும், ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் பயணத்தில் லண்டனைச் சேர்க்காமலிருப்பது நல்லது.

2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயது முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 45. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாளாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாகப் பதினைந்து நாள் ஆகும், சில சமயம் 45 நாள்வரை நீளும். கைரேகை கொடுக்க நேரில் சென்னை போய்வர வேண்டியிருக்கும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் நேரம் கிடைப்பது கடினம். செப்டம்பர் பயணத்துக்கு மார்ச் கடைசியிலேயே விண்ணப்பிக்க முடியும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் பெயர். தலைப்பெழுத்தை விரித்து எழுதுவது, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது, கணவர் பெயர் ஓர் ஆவணத்தில் இருந்து மற்றொன்றில் இல்லாதது ஆகியவற்றைப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். விமான டிக்கெட், காப்பீடு, விடுதிப் பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே வர வேண்டும்.

விவசாயிகளுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு இருப்பதால் பலர் கணக்குத் தாக்கல் செய்வதில்லை. தூதரகங்களோ வருமான வரிக் கணக்கையும் சில மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்கின்றன. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும், விவசாய வருமானத்தைக் காட்டி ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்துவைத்தால் விண்ணப்பம் வலுப்பெறும். ஏல மையம் வழியே விற்ற காய்க்கான பில்களையும், வங்கியில் வந்த தொகையையும், தோட்டத்தின் பட்டயத்தையும் சேர்த்துக் காட்டலாம். தோட்டம் கேரளப் பக்கம் இருந்தால் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் உறவினரிடம் வாங்கிப் பெருந்தொகையை வங்கியில் போடுவது சந்தேகத்தையே வரவழைக்கும். ஊர் திரும்ப நமக்குக் காரணம் இருக்கிறது என்று அதிகாரி நம்ப வேண்டும். காய்க்கும் தோட்டத்தைவிட நல்ல காரணம் வேறில்லை. அதை ஒரு பக்கக் கடிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு அழைப்புக் கடிதம் உதவும். ஜெர்மனியில் வசிக்கும் மகனோ மகளோ அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவுப் பொறுப்பேற்கும் உறுதிமொழி கொடுத்து, அதன் மூலப் பிரதியை அனுப்பிவைக்கலாம். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஒரு சலுகையும் வந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு அடுத்து இரண்டு ஆண்டு விசாவும், அதன் பின் ஐந்தாண்டு விசாவும் கிடைக்க வழி உண்டு. முதல் பயணத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது தானாகவே கணக்கில் ஏறிவிடும்.

பணம்

2025-இல் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதனால் நாடு தேர்வதே பெரிய சிக்கனம். சுவிட்சர்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் உணவும் தங்கலும் மிக அதிகம், செக், ஹங்கேரி நாடுகளில் குறைவு. சுவிஸ் பயணத்தை மூன்று இரவோடு நிறுத்திக்கொள்ளலாம், வடக்கே போகிறவர்கள் சமையல்கூடம் உள்ள அறை எடுக்கலாம். மியூனிக்கில் செப்டம்பர் மூன்றாம் வாரம் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நடக்கும் திருவிழாக் காலத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறும். அந்த ஊரை அப்போது தவிர்க்க வேண்டும்.

அதிவேக ரயில் டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் மிகவும் மலிவு, கடைசி நாளில் எடுத்தால் விமானக் கட்டணத்தை எட்டும். நாட்டுக்கு நாடு அலைபவருக்கே பல நாட்டு ரயில் பாஸ் லாபம். மூன்று நான்கு பயணம் மட்டும் செய்பவருக்குத் தனித்தனி டிக்கெட்டே போதும். பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். இத்தாலியில் உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம். கடையில் அட்டை தேய்க்கும்போது ரூபாயில் கட்டட்டுமா என்று இயந்திரம் கேட்டால், அந்நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தில் நஷ்டம். இங்கே பயணத் தொகுப்பு வாங்கும்போது பிடிக்கும் டி.சி.எஸ். வரியின் விகிதம் பட்ஜெட்தோறும் மாறக்கூடியது. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சுற்றுலா நிறுவனத்தோடு போவதா, தானே போவதா? மொழி அச்சமும் சைவ உணவுக் கவலையும் உள்ள முதியவர்களுக்குக் குழுப் பயணம் பாதுகாப்பு. ஆனால் பணம் கட்டும் முன் விடுதி ஊருக்குள் இருக்கிறதா, நெடுஞ்சாலையோரத்திலா, எந்தெந்த இடத்துக்கு உள்ளே கூட்டிப்போவார்கள், எதை பஸ்ஸிலிருந்தே காட்டுவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்த, கைப்பேசியில் வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருந்தால், மேலே சொன்ன மூன்று வழிகளில் எதையும் தாமே திட்டமிட்டுப் போய்வர முடியும்.

உடை, உணவு, உடல்நலம்

போடிமெட்டு மூடுபனியில் பழகிய உடம்பு அக்டோபர் குளிரைத் தாங்கும். ஒரே கனத்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடைகளும், மழைக்கு ஒரு மேலுறையும், நீர் புகாத, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூவும் போதும்.

உணவுப் பொருள் கொண்டுபோவதில் சட்டம் கண்டிப்பானது. வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்லத் தடை. நெய், பால்கோவா போன்றவை கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று தேவை. இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், உலர்ந்த ஏலக்காய் கொண்டுபோகலாம். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் கசகசா ஒரு கைப்பிடிகூட வைத்திருக்கக் கூடாது. அங்கே அது தடைசெய்த பொருள், சிறைவரை கொண்டுபோய்விடும். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

சோற்றுக்கு ஏங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஈழத்தமிழர்கள் போரின் கொடுமையால் புலம்பெயர்ந்து, ஐரோப்பிய நகரங்களில் தமிழ்த் தெருக்களை உருவாக்கியிருக்கிறார்கள். பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள லா சப்பல் பகுதியில் தோசையும் இடியாப்பமும் கிடைக்கும். அங்கே 1985-இல் நிறுவிய மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலும், சுவிஸ் தலைநகர் பேர்னில் பல சமயங்களும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் சமயங்களின் இல்லத்தில் உள்ள சைவக் கோயிலும் பார்க்கத் தக்கவை. அந்தக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு வருவதோடு நிற்காமல், அவர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அந்த ஊரில் வாழ்வது எப்படி என்பதைத் தமிழிலேயே கேட்டறிய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முடிவாக

பலமுறை போய்வரும் வசதி உள்ளவர் எப்படிப் போனாலும் நட்டமில்லை. ஏலக்காய் விற்ற பணத்திலோ, ஓய்வூதியத்திலோ, பிள்ளையின் முதல் சம்பளத்திலோ ஒருமுறை போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் விலையுள்ளது. குறைந்த செலவு வேண்டுவோர் நடு வழியையும், வரலாறும் ஓவியமும் மலையும் வேண்டுவோர் தெற்கு வழியையும், தம் தொழிலைப் பெரிதாகப் பார்க்க விரும்பும் ஏலத்தோட்டக்காரர் வடக்கு வழியையும் எடுக்கலாம். எதை எடுத்தாலும் மூன்று நாடு, ஒரு ரயில் வழி, தங்கும் ஊரில் குறைந்தது மூன்று இரவு என்ற வரம்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வருகிற புரட்டாசியில் போக நினைக்கிறவர்கள் இந்த வாரமே பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியையும் பெயரையும் பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் நம் மாவட்டத்துக்குரிய மதுரை மண்டல அலுவலகத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். தை மாசியில் கடைசி எடுப்பு முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து வழியை முடிவு செய்யுங்கள். பங்குனியில் விசா நேரத்தைப் பிடியுங்கள்.